நாற்பது பேருக்கு ஓர் அட்டை

பாயான் லெப்பாஸில்
தூசு நுழையாத ஓர் அறை.
அங்கே எனக்கு முகம் இல்லை,
கண் மட்டும்.
தலையுறை, முகமூடி, இரட்டைக் கையுறை,
முழங்கால்வரை ஏறும் வெள்ளைக் காலணி.
கழற்ற ஏழு நிமிடம்,
மாட்ட ஒன்பது.
போன காரியத்துக்கு
இரண்டே நிமிடம்.

ஆணியில் தொங்கும் சிவப்பு அட்டை.
அது கையில் இருந்தால் போகலாம்.
அது எப்போதும் வேறு யார் கையிலோ இருக்கும்.

முதல் அழைப்பு மரியாதை தெரிந்தது.
ஒருமுறை தட்டிவிட்டு
வாசலில் நிற்கும்.
இரண்டாவது, விடிகாலை மூன்றரைக்கு:
அடிவயிற்றில் யாரோ
வெதுவெதுப்பான அம்மிக்குழவியைக் கிடத்தியது போல.
தொடைகளை இறுக்கிக்கொண்டு
உருப்பெருக்கியின் கீழே
சில்லு சில்லாகப் பார்க்கிறேன்.
மூன்றாவதற்குச் சத்தமே இல்லை.
பிடரியில் ஒரு புல்லரிப்பு,
முதுகில் இறங்கும் குளிர்,
இமைக்கக்கூடப் பயம்.
அதற்கப்புறம்,
இதுதான் மோசம்,
எல்லாம் அடங்கிப்போகும்.
கேட்டுக் கேட்டுச் சலித்த உடம்பு
கேட்பதை விட்டுவிடும்.
அதைத் திறமை என்று நினைத்திருந்தேன்
ஆறு வருடம்.

தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகினேன்.
கேன்டீனில் தே-ஓ
எப்போதும் பாதிக் கிளாஸோடு நிற்கும்.

பெண் பார்க்க வந்தவர்கள்
அடக்கமான பெண் என்றார்கள்.
அம்மாவுக்கு அத்தனை பெருமை.
அன்றைக்கும் நான்
இரண்டு மணி நேரமாகப் போகாமல்தான்
பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வியாழக்கிழமை
உடை கழற்றும் வரிசை நீளம்,
கம்பெனி பஸ் காத்திருக்காது.
நேரே வந்து ஏறிவிட்டேன்.
நடுப்பாலத்தில் லாரி ஒன்று குறுக்கே கிடந்தது.
மொக்தார் எஞ்சினை அணைத்துவிட்டு
கச்சான் கொறிக்கத் தொடங்கினார்.
இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் கடல்,
பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடினால்
காதில் அலை.
பஸ் நகர்ந்ததும் இன்னும் கொடுமை.
பாலத்தின் ஒவ்வொரு இணைப்பும்
டடக், டடக் என்று
எனக்குள்ளே இடித்தது.

பிறையில் எங்கள் பிளாட், நான்காம் மாடி.
லிப்ட் பழுது.
படி ஏறும்வரை தாங்கினேன்.
சாவி துவாரத்தைத் தொட்டதும்
உடம்புக்கு வீடு தெரிந்துவிட்டது.
பூட்டு திறக்கும் முன்
நான் திறந்துகொண்டேன்.

செருப்பைக் கழுவினேன். வாசலையும்.
யாரும் பார்க்கவில்லை.

எரிச்சல் வந்தது.
பக்கத்து வீட்டு புஷ்பலீலா
பார்லி காய்ச்சித் தந்தாள்.
இரண்டாம் நாள் விலாவுக்குக் கீழே குத்தல்,
பல் கிட்டும் நடுக்கம்,
கிண்ணத்தில் தேயிலைச் சாயம்போல் ரத்தம்.

கிளினிக் டாக்டர் என்னைப் பார்க்காமலே பேசினாள்:
பை என்றால் பை இல்லை அது, தசை.
இழுத்துக்கொண்டே இருந்தால்
ஒருநாள் சுருங்க மறந்துவிடும்.
தேங்கினதில் கிருமி வளரும்.
உனக்கு மேலே, சிறுநீரகம்வரை ஏறிவிட்டது.
பிறகு ஒரு சின்னப் பாட்டில் தந்தாள்.

தாழ்ப்பாள் உள்ள கதவு.
அட்டை வேண்டாம், வரிசை இல்லை,
கடிகாரம் கூட இல்லை.
உட்கார்ந்தேன்.
வரவில்லை.
குழாயைத் திறந்துவிட்டேன்.
கோபித்துக்கொண்ட பிள்ளையை அழைப்பதுபோல்
மெல்ல, ச்சூ, ச்சூ என்றேன்.
மூன்று சொட்டு,
நெருப்பைத் தொட்டு எடுத்தவை.

பத்து நாள் மாத்திரை.
இரண்டு மணிக்கொருமுறை போக வேண்டும் என்று
கடிதம்.
லைன் லீடர் சியூ லிங் இருமுறை படித்தாள்,
மடித்துப் பையில் வைத்தாள்,
அட்டையை எடுத்து என்னிடம் தந்தாள்.
அவள் தண்ணீர் புட்டியும்
நிறைந்தே இருந்தது.

எதிர் இருக்கையில் நேபாளத்துப் பெண் பிம்லா,
வந்து மூன்று வாரம்.
தலையுறைக்குள் கண் மட்டும்.
அந்தக் கண் இமைக்கவில்லை.
எத்தனையாவது அழைப்பு என்று
எனக்குத் தெரிந்தது.

அட்டையை நீட்டினேன்.
வேண்டாம், அக்கா, பரவாயில்லை என்று
தலையாட்டினாள்.

அடக்கமான பெண்.